அம்மாவுக்கு அடித்த மணி

என் அம்மா ஒரு முறைதான் இறந்தாள். எங்கள் ஊர்க் கோயிலில் அவளுக்குத் துக்க மணி பதினோரு முறை அடித்தது. பதினொன்றையும் அடித்தவர் என் அப்பா.

வில்லியனூருக்கு மேற்கே, பஸ்ஸை விட்டு இறங்கிக் கால் மணி நேரம் நடந்தால் எங்கள் ஊர். அங்கே கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் அப்பா முப்பத்தொரு வருஷம் மணி அடித்தார். காலை, மத்தியானம், சாயங்காலம் மூன்று வேளையும் ஜெப மணி. யாராவது இறந்தால் துக்க மணி. ஆண் என்றால் ஒவ்வொன்றாக விட்டு விட்டு அடிக்க வேண்டும், பெண் என்றால் இரண்டிரண்டாக. இரட்டை மணி கேட்டால் நடவு வயலில் இருக்கும் பெண்கள் நாற்றை அப்படியே வைத்துவிட்டு வரப்பேறி, எந்த வீட்டில் என்று விசாரிப்பார்கள். அம்மா வயிற்று வலியில் இரண்டே நாளில் போய்ச் சேர்ந்தபோதும் அப்பா வேறு ஆளைக் கயிற்றைத் தொட விடவில்லை. போய் அடித்துவிட்டு வந்து, அப்புறம்தான் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பங்குப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அண்ணன் மில் வேலையோடு பாண்டியில் குடும்பமாக இருந்தான். வீட்டில் நானும் அப்பாவும்தான்.

ஒரு வருஷம் கழித்து அப்பாவுக்கு மறதி வந்தது. கோயில் சாவியைத் தொலைத்தார். ஒரு நாள் பத்து மணிக்கே மத்தியான மணியை அடித்துவிட்டார். ஏர் ஓட்டியவர்கள் கரையேறித் தூக்குச்சட்டியைத் திறந்து, வெயிலைப் பார்த்துவிட்டு மறுபடி மூடினார்கள். ஊரே சிரித்தது, நானும் சிரித்தேன். பங்குச் சாமியார் அந்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார். இப்போது இந்த நோய்க்கு ஒரு பெயர் இருக்கிறது. நோயாளியிடம் எப்படிப் பேச வேண்டும் என்று வீட்டில் இருப்பவர்களுக்குச் சொல்லிக்கூடத் தருகிறார்களாம். அன்று எங்களிடம் இருந்தது ‘வயசாயிடுச்சு’ என்ற ஒரு வார்த்தைதான்.

ஒரு நாள் காலை, நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அப்பா கேட்டார், “ஏம்மா, உங்கம்மாவக் காணமே, எங்க போச்சு?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மறக்கிற விஷயமா இது? “அம்மா செத்து ஒன்னர வருஷம் ஆவுதுப்பா” என்றேன், கணக்கைத் தப்பாகப் போட்ட பிள்ளையைத் திருத்துவதுபோல. அவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியவில்லை. அவருக்கு அம்மா அந்த நிமிஷம்தான் இறந்தாள். “மணி அடிச்சாங்களா?” என்று கேட்டார். நீதான் அடித்தாய் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. பெண்டாட்டி செத்ததே தெரியாதவர் எப்படி மணி அடித்திருக்க முடியும்?

அன்றே பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது இரட்டை மணி கேட்டது. ஓடினேன். கோயில் முகப்பில் அப்பா கயிற்றைப் பிடித்து, நிறுத்தி நிறுத்தி, ஒரு பிசகும் இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் மார்பில் வழிந்துகொண்டிருந்தது. சேற்றுக் காலோடு வந்த பெண்கள் என்னைத்தான் பார்த்தார்கள்.

நான் பொய் சொல்லாதவள். பெருமைக்குச் சொல்லவில்லை, அது என்னிடம் இருந்த ஒரு முரட்டுக் குணம். பொய் சொன்ன பிள்ளைகளை வெயிலில் முட்டி போட வைப்பேன். அதனால் அப்பா கேட்கும்போதெல்லாம் உண்மையையே சொன்னேன். கல்லறைக்குக் கூட்டிப்போய்ச் சிலுவையில் இருந்த அம்மாவின் பெயரைப் படிக்க வைத்தேன். திரும்பத் திரும்பச் சொன்னால் மனப்பாடம் ஆகிவிடும் என்று நினைத்தேன். வாய்ப்பாட்டுக்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் அவர் புதிதாக அழுதார், எனக்குத் தெரியாமல் கோயிலுக்கு நடந்தார். சாமியார் கயிற்றை உயரத்தில் சுருட்டிக் கட்ட வைத்தார். அப்பா தொரட்டியை எடுத்துப் போய் இழுத்து அடித்தார்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். காலில் சங்கிலி போடச் சொன்னவர்களும் உண்டு. டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் வயதானவர்கள் மடத்தில் விட்டுவிடலாம் என்றான் அண்ணன். ஒரு மாதம் வீட்டில் வைத்துப் பார் என்றேன். அதோடு அவன் பேச்சை நிறுத்திக்கொண்டான்.

எட்டாவது முறை அடித்தபோது, தெருக்கோடியில் படுத்த படுக்கையாகக் கிடந்த ஒரு கிழவி, “எனக்கா அடிக்கிறாங்க?” என்று கேட்டு மயங்கிவிட்டாள். அவள் பிள்ளைகள் வாசலில் வந்து கத்தினார்கள். சாமியார் என்னைக் கூப்பிட்டார். அவருக்கும் மனசு கேட்கவில்லை. ஆனாலும், இதற்கு மேல் நடந்தால் மடத்துக்கு எழுதிவிடுவதாகச் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு ஒரே வேண்டுதல்தான், அப்பா என்னோடு வீட்டிலேயே இருக்க வேண்டும். வேண்டிக்கொண்டும் உண்மையை விடவில்லை. இன்னும் இரண்டு முறை அடித்தார். இரண்டு முறையும் சாமியார் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டு அக்கா, நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம் அப்பாவைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். முறத்தில் மல்லாட்டையோடு, அதாவது வேர்க்கடலையோடு, வந்து உட்காருவாள், அப்பாவையும் உரிக்கச் சொல்வாள். இரண்டு மாதம் அப்பாவின் மணிச் சத்தமே இல்லை. எப்படி என்று எனக்குப் புரியவில்லை. ஒரு நாள் சீக்கிரம் வீட்டுக்கு வந்தபோது காதில் விழுந்தது. அம்மா எங்கே என்று அப்பா கேட்கிறார். சந்தைக்குப் போயிருக்கிறாள், நாலு மணி பஸ்ஸில் வந்துவிடுவாள் என்கிறாள் அக்கா. குடை எடுத்துப் போனாளா என்று கேட்டுவிட்டு அப்பா நிம்மதியாக உரிக்கிறார்.

அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சண்டை போட்டேன். செத்தவளை வைத்துப் பொய் சொல்கிறாயே என்றேன். அவள் மடியில் இருந்த தோலை உதறினாள்.

“நீ படிச்சவ. தெனமும் அவுரு பொண்டாட்டிய சாவடிக்கிறியே, அது பாவம்னு ஒனக்குத் தெரியலயாடி?”

அதன் பிறகு நான் அவளைத் தடுக்கவில்லை. இருந்தும் என் வாய் அந்தப் பொய்க்குத் திரும்பவில்லை. வீட்டில் இருக்கும் நேரம் அப்பா கேட்டால் பேச்சை மாற்றினேன், இல்லை எழுந்து போனேன்.

அக்கா ஏம்பலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததிலிருந்து அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். சோறு வடிக்கும்போது பின்னால் வந்து நின்று மறுபடி கேட்டார். கஞ்சி கையில் கொட்டிவிட்டது. “செத்துப் போச்சுப்பா, செத்துப் போச்சு, எத்தினி தபா சொல்றது?” என்று கத்தினேன். கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டிருந்தபோது பதினோராவது மணி கேட்டது. பூசைக்கு நின்ற கூட்டமெல்லாம் அதைக் கேட்டது.

சாமியார் எழுதிய பத்து நாளில் மடத்திலிருந்து இடம் இருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். அண்ணன் காரோடு வந்தான். அப்பா ஏற மறுத்தார், வாசல் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இழுத்தால் கை முறிந்துவிடும்போல இருந்தது. நான் கிட்டே போய்ச் சொன்னேன், “அம்மா பாண்டில இருக்குதுப்பா. வா, போயி கூட்டிக்கினு வந்துடலாம்.”

உடனே தூணை விட்டார். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, அம்மாவின் குடையையும் எடுத்துக்கொண்டு, எங்களுக்கு முன்னால் போய்க் காரில் உட்கார்ந்தார். அப்பாவை வீட்டில் வைத்துக்கொள்ள என் வாயில் வராத பொய், வெளியே அனுப்ப வந்துவிட்டது. என்னை நானே இன்றுவரை மன்னிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்தேன். நான் யார் என்று சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. ஏழு மாதம்தான் இருந்தார். உடலை வாங்கப் போனபோது, அவரைக் கவனித்துக்கொண்ட சிஸ்டர் குடையை என் கையில் கொடுத்தார். சாப்பிட்டதே நினைவிருக்காதாம், ஆனால் தினமும் குடையோடு வாசல் கேட் பக்கம் வந்து உட்கார்ந்துவிடுவாராம். உங்கள் வீட்டம்மா வர மாட்டார்கள், உள்ளே வாருங்கள் என்று யாராவது கூப்பிட்டால் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதானாம்.

“என் பொண்ணு சொல்லியிருக்குது, வரும். அது டீச்சரு. பொய் சொல்லாது.”