சுறா எண்ணெய் மணந்த சாவி

அந்த வண்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டால் சட்டை முழுக்கச் சுறா எண்ணெய் வாடை அடிக்கும்... கோயிலில் பக்கத்து ஆள் தள்ளி உட்காருவார்.

எங்கள் கடலோரத் திரேஸ்புரத்துப் பூனைகளுக்கு அந்த வண்டி என்றால் உயிர். டேங்க் மேல் ஏறி உட்கார்ந்து சாவி ஓட்டையை நக்கிக்கொண்டிருக்கும்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள்தான் போனில் தட்டுகிறாள். "பூனையெல்லாமா போடணும்ப்பா?" என்கிறாள். போடு தாயி, நக்கியது நிஜம்தானே.

பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி. கிக்கரை மிதித்தால் தெருவே முழித்துக்கொள்ளும். நானும் என் மனைவி மரியாவின் தம்பி சிலுவையும் சேர்ந்து வாங்கியது. ஆளுக்கொரு சாவி.

விடியும்போது நான் கரைக்கு ஓட்டிப்போய், வள்ளங்களுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுக் கடலுக்குப் போவேன். வெயில் ஏறியதும் சிலுவை நடந்து வந்து, தன் சாவியைப் போட்டு, அதே வண்டியில் ஹார்பருக்கு லோடு வேலைக்குப் போவான். பொழுது சாய என் வீட்டு வாசலில் விட்டுவிட்டு, அக்கா கையால் சாப்பிட்டுவிட்டுப் போவான்.

பல நாள் நான் அசந்து தூங்கிக்கொண்டிருப்பேன். பேச்சுக்கு வழியில்லை. சொல்ல வேண்டியதை வண்டியிலேயே கட்டிவிடுவோம். இடது கைப்பிடியில் கயிற்றுத் துண்டு இருந்தால் பெட்ரோல் இல்லை. வலது பக்கம் என்றால் பிரேக் சரியில்லை...

உப்புக் காற்றில் சாவி சுவிட்ச் இறுகத் தொடங்கியது. வள்ளத்து மரத்தில் பூசுகிற சுறா எண்ணெயைக் கொண்டுவந்து ஓட்டைக்குள் விட்டான் சிலுவை.

"வள்ளத்தையே காப்பாத்துது அத்தான். இந்தச் சின்ன ஓட்டையக் காப்பாத்தாதா?"

கொஞ்ச காலம் காப்பாற்றவும் செய்தது. அப்புறம் ஒரு நாள் கரையில் அவன் சாவியைத் திருப்பியிருக்கிறான். சுவிட்ச் சும்மா சுற்றியிருக்கிறது. லைட் இல்லை, ஸ்டார்ட்டும் இல்லை. ஹார்பருக்கு ஓட்டமும் நடையுமாய்ப் போனால், அவன் இடத்தில் அன்றைக்கு வேறு ஆளைப் போட்டாயிற்று.

சாயங்காலம் வாசலிலேயே நின்று கத்தினான்.

"ஈர வலையக் கொண்டாந்து ஹேண்டில்பார்ல தொங்கவிட்டா உப்புத்தண்ணி இறங்காம என்ன செய்யும்? அது வண்டியா, கொடிக்கயிறா?"

"ஏலே, எண்ணெய ஊத்துனது நானா நீயா?"

"நான் ஊத்துனதாலதான் இம்புட்டு நாள் ஓடுச்சு!"

"ரெண்டு பேரும் அதக் கடல்ல தள்ளிட்டு வந்து சாப்பிடுங்க" என்றாள் மரியா உள்ளேயிருந்து.

அவன் சாப்பிடவில்லை. அன்றோடு வீட்டுப் பக்கமே வரவில்லை. மரியா சோறு போடுகிற நேரத்தில் தம்பி தட்டையும் எடுத்து வைப்பாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைப்பாள். நான் பாதிச் சோற்றில் கை கழுவிவிடுவேன்...

வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போனேன். மெக்கானிக் ஹெட்லைட்டைக் கழற்றி, ஒயர்களைப் பிரித்து, பழைய சுவிட்சை வெளியே எடுத்தார். கறுப்பாய்ப் பிசின் மாதிரி வழிந்தது. எண்ணெய், உப்பு, மணல், பூனை மயிர்.

"அண்ணாச்சி, இது சுவிட்சா, கருவாட்டுப் பானையா?"

புது சுவிட்சைப் பொருத்தி, ஒரே வளையத்தில் இரண்டு புதுச் சாவிகளை என் கையில் போட்டார். "பழைய சாவியத் தூக்கிப் போட்டுராதீங்க. பெட்ரோல் மூடிக்கு அதுதான்."

அப்படியானால் சிலுவையால் இனி பெட்ரோல் ஊற்ற மட்டும்தான் முடியும், வண்டியை எடுக்க முடியாது. அவன் வந்து பழைய சாவியைப் போட்டுப் பார்த்து, திரும்பவில்லை என்றால் என்ன நினைப்பான்? அத்தான் பூட்டை மாற்றி என்னைத் துரத்திவிட்டார் என்றுதானே... அப்புறம் மரியாவுக்குத் தம்பி இல்லை.

வீடு தேடிப் போய்க் கொடுக்க எனக்கும் மனசு வரவில்லை. கோபம் அப்படி.

மறுநாள் விடியலில் வழக்கமான இடத்தில், சிலுவை ஹார்பருக்கு நடந்து போகிற வழியில், வண்டியை நிறுத்தினேன். ஒரு புதுச் சாவியைக் கயிற்றில் கோத்தேன். இடதா வலதா என்று யோசித்து, இரண்டும் இல்லாமல் நடுவில், மீட்டருக்குக் கீழே கட்டினேன். எல்லார் கண்ணிலும் படுகிற இடம்.

வள்ளம் கரையை விட்டு நகர்ந்த பிறகுதான் பயம் பிடித்தது. எவனாவது எடுத்துக்கொண்டு போய்விட்டால்? அன்றைக்கு என்ன மீன் பட்டது என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது.

திரும்பி வந்தபோது வண்டி இல்லை. எடுத்தது அவனா, களவாணியா... யாரிடம் கேட்பது? வீட்டுக்கு நடந்து போய் வாசலில் உட்கார்ந்தேன்.

பொழுது சாயும்போது தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டது. மரியா ஓடிப்போய்த் தட்டை நிமிர்த்தினாள்.

"யக்கா, உம் புருஷனுக்குக் கூறு இருக்கா? சாவிய வண்டியிலயே கட்டிப் போட்டுட்டுக் கடலுக்குப் போறாரு! களவு போயிருந்தா?"

என்னைப் பார்க்காமல், எனக்கும் சேர்த்துத்தான் கேட்டான்.

"போகலல்லா?" என்றேன்.

"போகல" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

நான் எழுந்து வண்டியிடம் போனேன். சாவியைப் போடக் குனிந்தால்... சுறா எண்ணெய் வாடை! புது சுவிட்சுக்குள்ளும் அதற்குள் ஊற்றியிருந்தான்.

இப்போது எங்கள் வீட்டு வாசலில் மூன்று வண்டி நிற்கிறது. ஒன்றுக்குப் பட்டனை அமுக்கினால் போதும். ஆளுக்கொரு வண்டி, நல்லதுதான். ஒருவர் வண்டி ஓடவில்லை என்றால் இன்னொருவருக்குத் தெரிவதுகூட இல்லை.

எங்கள் வண்டி எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. சிலுவைக்கு முழங்கால் போய்விட்டது. போன ஞாயிறு பூசை முடிந்து அவனைப் பார்க்கப் போனேன். கழுத்தில் மாதா படம் போட்ட உத்தரியக் கயிற்றோடு, நான் அன்று கட்டிவிட்ட சாவியும் தொங்குகிறது.

"ஏலே, வண்டியே இல்ல. இது எதுக்கு?"

"உம்ம சாவி எங்க அத்தான்?"

மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கி மூக்கில் வைத்து இழுத்துப் பார்த்தான்.

"காஞ்சு போச்சு அத்தான்... ஒரு சொட்டு விடணும்."