ஏழு பேர் தாராளமா உக்காரலாமுங்க

கார் விக்கிறவங்களுக்குக் காருக்குள்ள நல்ல சீட்டு கெடைக்காதுங்க.

நீங்களும் குடும்பத்தோட கார் பாக்கப் போயிருப்பீங்க. "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க"ன்னு சொன்ன ஒடனே என்ன நடந்துச்சுன்னு நெனச்சுப் பாருங்க. வாங்கறவரு ஸ்டீரிங்கைப் புடிச்சிருப்பாரு. வழி காட்ட ஷோரூம் டிரைவர் பக்கத்துல ஏறியிருப்பாரு. நடு சீட்டுல நீங்க, உங்க கொளந்தைங்க, தொணைக்கு வந்த கொழுந்தியா. அப்புறம் கழுத்துல அடையாள அட்டையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, சிரிச்ச மொகமா ஒரு பொம்பளை மூணாவது வரிசைக்குள்ள குனிஞ்சு நெளிஞ்சு பூந்திருப்பா. முட்டி தாடையில இடிக்க இடிக்க, "ஏழு பேர் தாராளமா உக்காரலாமுங்க"ன்னு அங்கிருந்து குரல் குடுத்திருப்பா. அது நாந்தானுங்க.

எங்க ஷோரூம் சேலம் நாமக்கல் ரோட்டுல, புதுச்சத்திரத்துக்குக் கிட்ட. வளர்ற குடும்பத்துக்குத் தோதா, ஓட்டறதுக்கும் சந்தோசமா ஒரு கார் பாத்துக் குடுக்கறது என் வேலை. என் குடும்பம்னா ஊட்டுல நானும் எம்பொண்ணு யாழினியுந்தான். அவ ஒண்ணாப்பு படிக்கிறா. எங்கூட்டுக்காரரு, நான் மாமான்னு கூப்படறவரு, போர் போடற ரிக் வண்டில டிரைவர். வருசத்துல முக்காவாசி வடக்கயே போயிரும். அங்க மழை புடிச்சு வேலை நின்னாத்தான் ஊர்ப் பக்கம் தலை காட்டுவாரு.

எங்க ஷோரூம் டிரைவர் அண்ணன் வயசாயிருச்சு, இந்த ஆடியோட நின்னுக்கறேன்னு சொல்லிட்டாரு. அந்த வேலையை மாமாவுக்குக் குடுங்கன்னு மேனேஜர்கிட்ட கால்ல விழாத கொறையாக் கேட்டு வெச்சேன். "ஆவணி மொத முகூர்த்தத்துக்குள்ள ஆள் வந்து நிக்கணும்மா"ன்னாரு. மாமாவும் போன்ல, "வந்தர்றேன் அம்மணி, இனி ஊரோடவே இருந்துக்கலாம்"னுட்டாரு. அந்த ஒரு வார்த்தையை மடியில கட்டிக்கிட்டுத்தான் இத்தனை நாளும் பின் சீட்டுல ஊர் சுத்துனேன்.

கெடாய்க்குப் பக்கத்துல

எடப்பாடிப் பக்கமிருந்து ஒரு விவசாயி வந்தாரு. மூணாவது கொளந்தை பொறந்திருச்சு, பழைய சின்ன வண்டி பத்தலைங்கன்னாரு. மைலேஜ் எவ்வளவு, ஏர்பேக் எத்தனைன்னு ஒண்ணும் கேக்கலை. கேட்டது ஒரே ஒரு கேள்வி. "குலசாமி கோயிலுக்குக் கெடாய் கொண்டு போகோணும். பின்னாடி நிக்குமுங்களா?" என் வாயி சும்மா இருந்துச்சா? "கடைசி வரிசையில ஒரு பக்கத்தை மடிச்சுட்டா யானையே நிக்குமுங்க"ன்னுட்டேன்.

மறுநாள் மனுசன் குடும்பத்தோட, கெடாயோட வந்து எறங்குனாரு! டெம்போவுல ஏத்திக்கிட்டு, கழுத்துக்கு மாலை வேற. மேனேஜர் கண்ணாடி ரூமுக்குள்ள தலைல கைய வெச்சுக்கிட்டாரு. ஆனா வந்த கிராக்கிய உட முடியுமா? கார்ப்பெட் மேல சாக்கை விரிச்சோம். கடைசி வரிசையில ஒரு பாதியை மடிச்சுக் கெடாயை நிக்க வெச்சோம். மீதிப் பாதியில யாரு? நானேதான். முன்னால அவங்க எங்க பொங்கல் வெக்கிறது, யார் யாரைக் கூப்படறதுன்னு பேசிச் சிரிச்சுக்கிட்டே வாராங்க. பின்னால கெடாய் என் துப்பட்டாவை மென்னு முடிச்சுட்டு, அலுப்புல தலையைத் தூக்கி என் தோள்ல சாய்ச்சுக்கிச்சு. சொன்னா சிரிப்பீங்க, ரொம்ப நாளைக்கப்புறம் என் தோள்ல ஒரு சீவன் சாஞ்சுதேன்னு எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. எறங்கறப்ப அந்த விவசாயியோட சம்சாரம் என்னைப் பாத்துட்டுச் சொல்லுச்சு: "பாவம், கெடாய்க்கு மூச்சுத் தெணறுமோன்னு பாத்தோமே, உங்களுக்குத் தெணறுமான்னு பாக்கலீங்களே அம்மணி!"

பெல்ட்டுப் போட்ட போன்

திருச்செங்கோட்டுல இருந்து ஒரு பொண்ணு, ரெண்டு கொளந்தைங்களோட வந்துச்சு. ஊட்டுக்காரரு ரிக் வண்டியோட வடக்க இருக்காரு, கார் அவர்தான் பாத்துச் சொல்லோணும்னுச்சு. அவரு வந்தது வீடியோ கால்ல. போனைத் தூக்கிக்கிட்டு வண்டியச் சுத்திச் சுத்தி வந்தேன். "டிக்கியைத் தெறங்க", "இஞ்சினை ஸ்டார்ட் பண்ணுங்க, சத்தம் கேப்போம்", "கூரைக் கண்ணாடி எவ்வளவு தூரம் தெறக்குது?" மனுசனுக்கு ஓட்டறதுல அத்தனை ஆசை. அந்தப் பொண்ணுக்கோ பின்னால ஏசி வருமா, கொளந்தைங்க வாந்தி எடுத்தா சீட்டைத் தொடைக்க முடியுமாங்கற கவலை.

ரவுண்டு போறப்ப டிரைவர் அண்ணன் ஓட்டுனாரு. முன் சீட்டுல போனைச் சாய்ச்சு வெச்சு, சின்னப் பொண்ணு அதுக்குச் சீட் பெல்ட் மாட்டி உட்டுச்சு. "அப்பா, ஆடாம உக்காருங்க"ன்னு அதட்டல் வேற. போனுக்குள்ள இருந்து கம்ப்ரசர் எரைச்சல் வந்துக்கிட்டே இருந்துச்சு. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். மாமா எப்பப் பேசுனாலும் பின்னாடி அதே சத்தந்தான், பாதிப் பேச்சு அதுலயே அடிச்சுக்கிட்டுப் போயிரும். பொறுக்க மாட்டாம கடைசி சீட்டுல இருந்து எட்டி, "அண்ணா, அங்க மழை புடிச்சிருச்சுங்களா?"ன்னு கேட்டுட்டேன். காருக்கும் மழைக்கும் என்ன சம்பந்தம்னு அவரு முழிச்சாரு. அந்தப் பொண்ணுக்குப் புரிஞ்சுபோச்சு. என்னைத் திரும்பிப் பாத்துட்டு மெதுவாச் சொல்லுச்சு: "வண்டி எதுன்னாலும் ஒண்ணுதானுங்க்கா, ஓட்டற ஆளு ஊர்ல இல்லை, வெயில் படாம மூடி வெக்க நல்ல கவரா ஒண்ணு குடுத்துருங்க."

என் போன்ல யாரு

டெலிவரி அன்னைக்கு வண்டிக்குப் பொட்டு வெச்சு, டயருக்கு எலுமிச்சம்பழம் வெச்சு, அட்டைல செஞ்ச ஆளு ஒசரச் சாவியைக் குடும்பத்துக் கையில குடுத்துப் போட்டோ எடுப்போம். எடுக்கறது நான். எப்பவும் என் போன்லதான் எடுப்பேன், அப்புறம் அனுப்புவேன். ஒரு நாள் புது வண்டிக்காரரோட மக, யாழினி வயசுதான் இருக்கும், போட்டோ பாக்கோணும்னு போனை வாங்கித் தள்ளிக்கிட்டே போச்சு. மாலை போட்ட வண்டி, பல்லைக் காட்டற குடும்பம். அடுத்ததும் அப்படித்தான். தள்ளத் தள்ள ஊர்ல இருக்கற குடும்பமெல்லாம் வருது. கடைசியில சலிச்சுப்போய் நிமிந்து பாத்துக் கேட்டுச்சு: "ஏங்க்கா, உங்க குடும்பம் எந்தக் காருல நிக்குது?"

மேட்டூர்க்காரர் சிரிச்சாரு

ஆடி பொறந்திருச்சுன்னா எங்க பொழப்பு படுத்துக்கும். ஆடியில யாரும் வண்டி எடுக்க மாட்டாங்க. சும்மா ஏசியில உக்காந்து காப்பி குடிச்சுட்டு, "ஆவணிக்கு வாரோமுங்க"ன்னு எந்திரிச்சுப் போவாங்க. அந்த ஓய்வுல டிரைவர் அண்ணன்கிட்டச் சொல்லி, யார்டுல வண்டியை முன்னும் பின்னும் எடுத்துப் பழகிக்கிட்டேன். லைசென்ஸ் எப்பவோ எடுத்ததுதான், தைரியந்தான் இல்லாம கெடந்துச்சு. மாமா வந்து சேந்ததும், "உங்களுக்கு மட்டுந்தான் ஓட்டத் தெரியுமா?"ன்னு கேட்டு அசத்தோணும்னு ஒரு ஆசை.

அப்ப மேட்டூர்ல இருந்து ஒரு தம்பதி வந்தாங்க. அவரு அனல் மின் நிலையத்துல வேலை. அந்தம்மா முழுகாம இருந்துச்சு, ரெண்டாவது. வந்ததுல இருந்து ஒரே மல்லுக்கட்டு. அவருக்கு விறுவிறுன்னு போற சின்ன வண்டி வேணும். அந்தம்மாவுக்குப் பெரிய டிக்கி, ஒசரமான சீட்டு, தொட்டில் வெக்க எடம். பெரிய வண்டியைத்தான் முடிக்கப் போறாங்கன்னு நானும் அந்தம்மா பக்கமே பேசிக்கிட்டு இருந்தேன். சின்ன வண்டியைச் சும்மா ஒரு தடவை ஓட்டிப் பாத்துக்கறேன்னு அவரு கெஞ்சுனாரு. போனோம். ரோடு காலியா கெடந்துச்சு. மனுசன் கியரை மாத்தி ஒரு அழுத்து அழுத்துனாரு பாருங்க, பள்ளிக்கூடம் உட்ட பையனாட்டச் சத்தமாச் சிரிச்சாரு. பின் சீட்டுல எம்பக்கத்துல இருந்த அந்தம்மா கண்ணாடியில அவர் மொகத்தையே பாத்துக்கிட்டு வந்துச்சு. எனக்கு மாமா மொகம் நெஞ்சுல வந்து நின்னுச்சு. அவரு சிரிச்சு நான் நேர்ல பாத்து எவ்வளவு நாளாச்சுன்னு நெனச்சு நெனச்சுப் பாக்கறேன், போனுக்குள்ள சிரிச்ச மொகந்தான் வருது. வண்டி நின்னதும் அந்தம்மா எங்கிட்டத் திரும்பிச் சொல்லுச்சு: "தொட்டிலை மடியில வெச்சுக்கிட்டு வாரேனுங்க, ஊட்டுல சிரிக்காத மனுசன் இதுல சிரிக்கறாரு, இதையே போடுங்க."

போன ரோட்டுலயே

ஆடி பாதியில மாமா வந்துட்டாரு. கறுத்து, எளைச்சு, தாடியோட பஸ்ஸை உட்டு எறங்குனவரைப் பாத்து யாழினி எம்பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா. ரெண்டு நாள்ல ஒட்டிக்கிட்டா. அப்புறம் தூக்கத்துலயும் அவர் சட்டையைப் புடிச்சுக்கிட்டே படுத்தா. மேனேஜர் கூப்பிட்டு ஓட்டிக் காட்டச் சொன்னாரு. அவ்வளவு பெரிய ரிக்கை மலைப் பாதையில ஏத்துன கை, இந்த வண்டி அவருக்கு பொம்மை மாதிரி. நான் முன் சீட்டுல பக்கத்துல உக்காந்தேன். காலை நீட்டி, ஜன்னலை எறக்கி உட்டுக்கிட்டு! அந்த ஒரு நாள் நான் யாருக்கும் வண்டி விக்கலைங்க.

மறுநாள்ல இருந்தே டிரைவர் அண்ணன்கூட வேலையப் பழக ஆரம்பிச்சாரு, மொத வாரம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் அவரு மொகம் வாட ஆரம்பிச்சுது. ஷோரூம் வாசல்ல இருந்து பாலம் வரைக்கும், பாலத்துல இருந்து ஷோரூம் வாசலுக்கு. எங்க ரவுண்டு அவ்வளவுதான். வடக்க பாறையைத் தொளச்சுத் தண்ணி பீச்சி அடிக்கறப்ப ஊரே ஓடி வந்து நனைஞ்சுக்கிட்டு ஆடுமாம், அதையே யாழினிகிட்டத் திரும்பத் திரும்பச் சொல்லுவாரு. ஆவணி பொறக்கறதுக்கு முன்னால ரிக் ஓனர்கிட்டயிருந்து போன் வந்துச்சு. அங்க இந்த வருசம் மழை சீக்கிரமே உட்டிருச்சு, வண்டி கெளம்புதுன்னு. நான் சண்டை போட்டேன், அழுதேன், ரெண்டு நாள் பேசாம இருந்தேன். அவரு கோவமே படலை. பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு என் தலையைத் தடவி, "போன ரோட்டுலயே திரும்பி வந்து நிக்கறது எனக்கு ஒத்து வரலை அம்மணி, இந்த ஒரு சீசன் மட்டும் போயிட்டு வந்தர்றேன்"னாரு.

நடு சீட்டு

ஆவணி மொத முகூர்த்தத்துக்கு டிரைவர் இல்லை. மேனேஜர் என்னைப் பாக்க, நான் தரையைப் பாக்க, "உன்னை நம்பிக் காத்துக்கிட்டு இருந்தனேம்மா"ன்னாரு. என்ன தோணுச்சோ, "சார், நானே ஓட்டறேன்"னு சாவியை எடுத்துட்டேன். நாலு வரிசையில நிறுத்தியிருந்த வண்டிங்களுக்கு நடுவுல ஒரு கீறல் இல்லாம எடுத்து ரோட்டுக்குக் கொண்டு வந்தப்புறந்தான் அவரு மூச்சு உட்டாரு. இப்ப நாந்தானுங்க ஓட்டறது. வாங்கறவரு ஸ்டீரிங்கைப் புடிச்சா, வழி காட்ட நான் முன் சீட்டு. மூணாவது வரிசைக்கு இப்ப ஒரு புதுப் பொண்ணு போகுது, பாவம்.

போன வாரம் ஏழு பேர் உக்கார்ற வண்டியைக் கழுவ உடறதுக்கு எடுத்துக்கிட்டுப் போனேன். பள்ளிக்கூடம் வழியா போறதால யாழினியையும் ஏத்திக்கிட்டேன். கதவைத் தெறந்தா, நடு சீட்டைத் தாண்டிக் குனிஞ்சு நெளிஞ்சு கடைசி வரிசையில போயி உக்காந்து பெல்ட்டை மாட்டிக்கிட்டா. கண்ணாடியில பாத்தா எங்கயோ தூரத்துல கடுகாட்ட அவ மொகம். "ஏஞ்சாமி அத்தனை தூரம் போயிட்ட? நடுவுல வந்து உக்காரு, பேசிக்கிட்டே போலாம்"னேன். அவ அங்கிருந்தே கத்திச் சொன்னா: "நான் வர மாட்டேன்மா, நடுவுல அப்பாவுக்கு எடம் உட்டிருக்கேன்."

ஏழு பேர் தாராளமா உக்காரலாமுங்கன்னு நான் தெனமும் சொல்றனே, அது நெசந்தானுங்க, ஒரே ஒரு ஆள் வராததுக்கே வண்டி பூராவும் காலியாக் கெடக்குது.