கறிவேப்பிலைத் தொட்டியில் கிடைத்த விருந்து

போன வருடம் சித்திரை மாதம், மந்தைவெளியில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் நடந்தது இது. என் பெண் புனேயில் வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டாள். அவள் ஆசை ஆசையாக வளர்த்த இரண்டு நியூட்டுகள் கண்ணாடித் தொட்டியோடு எங்கள் தலையில் விழுந்தன. நியூட் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும், ஆனால் தவளைக்குச் சொந்தம். தண்ணீரில் வாழும். முதுகு கறுப்பு, வயிறு பளீரென்று குங்குமச் சிவப்பு. பல்லி கத்தினாலே பஞ்சாங்கத்தைப் புரட்டுகிற என் கணவர் அவற்றைக் கூடத்தில் வைக்கச் சம்மதித்ததே பெரிய விஷயம்.

ஆனால் நிபந்தனை போட்டார். எங்களுடையது வெங்காயத்துக்கே நாள் பார்க்கும் வீடு. பெண் இருந்தவரை, புழு கொடுப்பதெல்லாம் அவள் அறைக் கதவுக்குப் பின்னால் நடக்கும். இனிமேல் கடையில் விற்கும் உருண்டைத் தீவனம் மட்டும்தான் என்றார். நானும் அப்பாடா என்று தலையாட்டினேன். கத்திரிக்காயில் ஒரு புழு நெளிந்தால் தெருக்கோடி வரை கேட்கும்படி அலறுகிறவள் நான்.

கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. வெயில் ஏற ஏற, இரண்டில் பெரியது தீவனத்தைத் தொடவே இல்லை. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. நான் பக்கத்தில் போனால் கண்ணாடியோரம் வந்து தலையைத் தூக்கிப் பார்க்கும், அதுவும் நின்றுபோயிற்று. பெண்ணுக்குப் போன் போட்டேன்.

“அம்மா, அதுக்குச் சூடே ஆகாது. ஐஸ் பாட்டிலை மெதக்க விடு. உயிரோட புழு நெளிஞ்சாதான் அதுக்குச் சாப்பிடத் தோணும். இல்லேன்னா போயிடும்மா” என்றாள். கடைசி வார்த்தை சரியாக வரவில்லை, அழுகிறாள் என்று புரிந்தது.

ஐஸ் பாட்டில் உடனே போட்டுவிட்டேன். புழுப் பேச்சை எடுத்ததும் என் கணவர், “நம்மாத்துல புழுவா? அதுவும் நீ பிடிக்கப் போறியா?” என்று சிரித்துவிட்டு, கோயிலுக்குக் கிளம்பிப் போனார்.

மறுநாள் காலை பார்த்தால் தொட்டித் தண்ணீர் வடிகஞ்சி மாதிரி கலங்கிக் கிடக்கிறது. வெள்ளையாக என்னவோ ஊறி மிதக்கிறது. பொரி! தெப்பக்குளத்து மீனுக்குப் போட வாங்கியதில் ஒரு பிடி மிச்சம் வைத்து, எனக்குத் தெரியாமல் இதற்கும் போட்டிருக்கிறார்.

“ஏன்னா, இது என்ன கோயில் குளமா?” என்று கத்தினேன்.

“குளத்துல எப்படிப் பாஞ்சு பாஞ்சு திங்கறது! பாவம், பட்டினி கிடக்கேன்னுதான் போட்டேன்” என்றார் முகம் தொங்கிப்போய். அவருக்கும் மனசு கேட்கவில்லை என்று தெரிந்ததும் அதற்குமேல் திட்ட வாய் வரவில்லை.

செடிகளுக்காக வாளியில் பிடித்து வைத்திருந்த பழைய தண்ணீரைக் கொண்டு தொட்டித் தண்ணீரை மாற்றினேன். பெரியது அப்போதும் துவண்டுதான் கிடந்தது. என் பெண்ணின் அழுகுரல் காதிலேயே நின்றது. புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். கறிவேப்பிலைத் தொட்டியின் ஈர மண்ணைக் கிளறினேன். பொடிசாக ஒரு மண்புழு நெளிந்தது. முருகா என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். உடம்பெல்லாம் கூசியது. ஆனால் கத்தவில்லை, கீழே போடவும் இல்லை.

அதைக் கழுவி, துடைப்பக் குச்சியின் நுனியில் தொங்கவிட்டு நியூட்டின் மூக்கருகே நீட்டினேன். என் கை வெடவெடவென்று நடுங்கியது. அந்த நடுக்கத்தில் புழு நன்றாகவே ஆடியது! நியூட் அசையவில்லை. கை வலிக்க ஆரம்பித்தது, நான் எடுக்கவில்லை. மெல்லத் தலையைத் திருப்பியது. ஒரு எட்டு முன்னால் வைத்தது. அப்புறம் லபக்கென்று ஒரே பாய்ச்சல்!

பார்க்க மாட்டேன் என்று முதுகைக் காட்டி நின்ற மனிதர் எப்போது என் தோளுக்குப் பின்னால் வந்தாரோ தெரியாது. “சாப்டுடுத்துடி! சாப்டுடுத்து!” என்று இந்தியா கோப்பை ஜெயித்த மாதிரி குதித்தார். எதிர்வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். வீடியோ காலில் பெண் அழுதுகொண்டே சிரித்தாள். மண் படிந்த கையோடு தங்க மெடல் வாங்கியவள்போல நான் நின்றேன். அப்படி ஒரு பெருமை எனக்கு.

இந்தச் சித்திரையையும் இரண்டும் ஜம்மென்று தாண்டிவிட்டன. இப்போது புழு எடுத்து வருவது என் கணவரின் வேலை. எடுத்த கையோடு தலைக்குக் குளித்துவிட்டுத்தான் சந்தியாவந்தனம் பண்ண உட்காருவார், அது வேறு விஷயம். இத்தனை வயது வரை என்னால் முடியாது, முடியாது என்று நான் ஒதுக்கி வைத்ததெல்லாம் உண்மையில் முடியாதவையா, இல்லை எனக்கு அதுவரை அவசியப்படாதவையா என்று, அந்தக் கண்ணாடித் தொட்டியைக் கடக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன்.