ராகு காலத்துக்கு முன் ஓர் ஊசி

மயக்க மருந்து கொடுப்பவரும் டாக்டர்தான் என்பதை ஆரணியில் யாரும் நம்பத் தயாராக இல்லாத தொண்ணூறுகளில், நான் அங்கே ஒரு சின்ன மருத்துவமனையில் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தி பிடிப்பவர் பெரிய டாக்டர். நான் ‘ஊசி போடுற அம்மா’. குணமானதும் அவருக்கு மாலை, எனக்கு ஓர் எலுமிச்சம்பழம். யாராவது எழுந்திருக்காமல் போயிருந்தால் மட்டும் என் பெயர் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை குடலிறக்க ஆபரேஷனுக்கு ஒரு பட்டு நெசவாளர் வந்தார். பேசுவதற்கு அவருடைய அக்கா கூட வந்திருந்தார். பத்தரைக்கு ராகு காலம். பெரிய டாக்டர் போளூரிலிருந்து போன் செய்து, கிளம்பிவிட்டேன் என்றார். அவர் கிளம்பிவிட்டேன் என்றால் குளிக்கப் போகிறார் என்று அர்த்தம். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

அக்கா விடவில்லை.

“ஊசிய மட்டும் பத்தரைக்குள்ள போட்டுடுங்கம்மா. தறியில புதுப் பாவு நூல பிணைக்கறப்போ நாங்க அப்பிடித்தான் செய்வோம். நல்ல நேரத்துல நாலு இழைய முடிச்சு போட்டு வெச்சிட்டா, மீதிய எப்ப வேணா செஞ்சிக்கலாம்.”

பாவு காத்திருக்கும். முதுகில் போடும் லிக்னோகெயின் காத்திருக்காது. சில நிமிடங்களில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும். ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். அதைவிட அதிக நேரம் தாங்கும் மருந்து உண்டு. அது எங்கள் அலமாரியில் இல்லை, புத்தகத்தில் இருந்தது. இதையெல்லாம் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவள் நான். பத்து இருபதுக்கு ஊசியைப் போட்டேன். அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பெரிய டாக்டர் பதினொன்று பத்துக்கு வந்தார். களம்பூர் ரயில்வே கேட்டில் நெல் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டாராம். பாவம் அந்தக் கேட், எவ்வளவு பழி போட்டாலும் பதில் பேசாது.

தையல் போடும்போது நோயாளியின் கால் கட்டைவிரல் அசைந்தது. குனிந்து கேட்டேன்.

“வலிக்குதாங்க?”

“இல்லீங்கம்மா.”

நாடி தடதடவென்று ஓடியது. அட்ரோபின் போட்டிருந்தேன், அது நாடியை ஓட வைக்கும். அதைப் போட்டு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகி, அதன் வேகம் அடங்கியிருக்கும் என்பதைச் சௌகரியமாக மறந்தேன். தட்டில் கீட்டமின் தயாராக இருந்தது. கொடுத்தால் வலி போய்விடும். ஆனால் ஏன் கொடுத்தாய் என்று பெரிய டாக்டர் கேட்பார், பத்து இருபது ஊசிக் கதை வெளியே வரும். நெசவாளரே வலிக்கவில்லை என்கிறாரே! படித்த மருந்தியலையெல்லாம் நோயாளியிடமே ஒப்படைத்துவிட்டுச் சும்மா நின்றேன்.

மறுநாள் அக்கா என்னைப் புகழ்ந்து தள்ளினார்.

“நல்ல நேரத்துல ஆரம்பிச்சதால துளி வலி இல்லியாம். தம்பியே சொல்றான்.”

எனக்குக் காபி வாங்கிவர அவர் வெளியே போனார். அப்போதுதான் தம்பியின் உள்ளங்கைகளைப் பார்த்தேன். இரண்டிலும் நகம் பதிந்து தோல் கிழிந்திருந்தது.

“நேத்து வலிச்சுதா?”

கைகளை மடக்கிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

“கடைசி நாலஞ்சு தையலு தெரிஞ்சிச்சும்மா. சொல்லியிருந்தா பெரிய டாக்டரு உங்களத்தான கேப்பாரு. எங்க அக்கா பேச்சக் கேட்டுத்தான போட்டீங்க.”

எனக்கு வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அக்கா காபியோடு வந்துவிட்டார்.

“இன்னா பேசிகினு இருக்கீங்க ரெண்டு பேரும்?”

“ஒண்ணுமில்லக்கா,” என்றார் அவர், நான் வாய் திறப்பதற்குள்.

நான் காபியை வாங்கிக் குடித்தேன்.