பாக்கியத்தின் கைப்பிடி அரிசி

பேய், பிசாசு என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் எழுந்து போய் அடுப்பைப் பார்க்கிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் ரப்பர் மரத்தடியில் அவள் நின்றாள், இவள் நின்றாள் என்று சொல்கிறவர்களிடம், கள்ளுக்கடையை எத்தனை மணிக்குச் சாத்தினார்கள் என்று கேட்டுவிடுவேன். அதனால் நான் சொல்லப்போவதை நீங்கள் சந்தேகப்பட்டால் எனக்குக் கோபம் வராது. ஆனால் நீங்கள் நம்ப வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன், அது ஏன் என்று போகப் போகத் தெரியும்.

என் வீட்டுக்காரருக்கு ரயில்வே ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. திருநெல்வேலியிலிருந்து கப்பலேறி கோலாலம்பூர் வந்தபோது எனக்கு அவர் ஒருவரைத்தான் தெரியும், மற்ற உறவெல்லாம் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் தமிழ்ச் சபைதான். பிரசவத்துக்கு வந்து நிற்பதும் சபை, சவப்பெட்டி தூக்குவதும் சபை. ஊரில் போலவே இங்கேயும் கைப்பிடி அரிசி வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியாகப் போட்டு வைக்க வேண்டும், அது ஆண்டவருக்கு. சனிக்கிழமை மத்தியானம் நான் துணிப்பையோடு வீடு வீடாக நடந்து அதை வாங்கிக்கொண்டு போய் ஐயர் வீட்டு டின்னில் கொட்டுவேன். எங்கள் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். இல்லாத குடும்பங்களுக்கு அந்த டின்னிலிருந்துதான் போகும்.

அந்த நடை எனக்கு ரொம்பப் பிடிக்கும். செங்கல் சூளைப் பக்கம் காலெல்லாம் சிவப்பாகிவிடும், சடக்கு என்கிற பெரிய ரோட்டைத் தாண்டினால் சீனர் காப்பிக்கடையில் கொட்டை வறுக்கிற வாசனை, அப்புறம் தண்டவாளம், அப்புறம் வரிசை வரிசையாக ரயில்வே கோட்டர்ஸ். யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் மீன் குழம்பு என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. சபையில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது, அதற்கேற்ற வாயும் இருந்தது.

அந்த வாயால்தான் பாக்கியத்தைப் பேசினேன். அவள் தோட்டத்தில் பிறந்த பெண், இருபது வயது இருக்கும். ரயில் எஞ்சினில் கரி போடுகிற தேவசகாயத்தைக் கட்டிக்கொண்டு ஞானஸ்நானம் வாங்கினாள். வேதத்துக்குப் போய்விட்டாள் என்று அவள் வீட்டார் கைகழுவிவிட்டார்கள். எங்களை விட்டால் அவளுக்கு நாதியில்லை. ஒரு புதன்கிழமை பெண்கள் கூட்டத்துக்கு நெற்றியில் குங்குமப் பொட்டோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தாள், பாவம், பழக்கதோஷம். நான் எல்லார் முன்னாலும் பாட்டை நிறுத்தினேன்.

“இது சபையா, மாரியம்மன் கோயிலா? துடைச்சிட்டு உக்காரு.”

புறங்கையால் துடைத்தாள். நெற்றியெல்லாம் சிவப்பாக அப்பிக்கொண்டது. இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் எழுந்து போனவள்தான், அதற்கப்புறம் கூட்டத்துக்கும் வரவில்லை, ஆராதனைக்கும் வரவில்லை. ஆனால் கைப்பிடி அரிசி மட்டும் ஒரு வாரமும் தவறவில்லை. அவர்கள் வீட்டுப் பின்பக்கச் சமையலறைக் கதவு இரண்டு துண்டாக இருக்கும், மேல் துண்டைத் திறந்து அரிசியைப் பையில் போடுவாள், ஒன்றும் பேசமாட்டாள். நானும் பேசமாட்டேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றும், அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் அந்த நினைப்பு போய்விடும்.

மூன்று மாதம் இப்படியே போயிற்று. அந்தச் சனிக்கிழமை மத்தியானத்திலிருந்தே வானம் மூடிக்கொண்டு கிடந்தது, நாலு மணிக்கே விளக்கு வைக்கலாம் போல இருட்டு. தேவசகாயம் வண்டியோடு வடக்கே போய் நாலு நாளாகிறது என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் போனபோது மேல் கதவு திறந்திருந்தது, அவள் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது, தலை வாரவில்லை. நெற்றி நடுவில் பொட்டு. அரிசியைப் போட்டாள். அப்புறம், நம்பினால் நம்புங்கள், மூன்று மாதத்தில் முதல் தடவையாகப் பேசினாள்.

“அக்கா, உள்ள வந்து ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்களேன்.”

எனக்குச் சுரீரென்று வந்தது. பொட்டையும் வைத்துக்கொண்டு ஜெபத்துக்கும் கூப்பிடுகிறாளே, எவ்வளவு திமிர் என்று நினைத்தேன். “மழை வருது பாக்கியம், அடுத்த வாரம் பாக்கலாம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வந்துவிட்டேன். நான் ஐயர் வீட்டுக்குப் போய் அரிசியைக் கொட்டுவதற்கும் மழை பிடித்துக்கொள்வதற்கும் சரியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மணி அடிக்கும் முன்னால் செய்தி வந்தது. முந்தின இரவு தேவசகாயம் வீட்டுக்கு வந்து, தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுக் கதவை உடைத்திருக்கிறான். பாக்கியம் பாயில் செத்துக் கிடந்தாள். காய்ச்சல். ஆஸ்பத்திரியிலிருந்து அவன் கூட்டிக்கொண்டு வந்த டிரெஸ்ஸர், எங்களுக்கு அவர்தான் டாக்டர், பார்த்துவிட்டு, உயிர் போய் ஒரு நாளுக்கு மேல் ஆகிறது, வெள்ளிக்கிழமையே போயிருக்கும் என்றாராம்.

சபையோடு சேர்ந்து போனேன். தேவசகாயம் உடம்பெல்லாம் கரியோடு அப்படியே உட்கார்ந்திருந்தான், என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தான்.

“அக்கா, நேத்து அரிசிக்கு வந்திருப்பீங்களே, கதவத் தட்டினீங்களா?”

“தட்டினேன் தம்பி, யாரும் திறக்கல” என்றேன். யோசிக்கவே இல்லை, வாயில் தானாக வந்துவிட்டது.

“எப்படித் திறப்பா? முன்னாலயும் பின்னாலயும் உள்ள தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு. ஆனா ஒண்ணுக்கா, அடுப்புச் சாம்பல் இன்னும் சூடா இருந்துச்சு. டிரெஸ்ஸர் வெள்ளிக்கிழமைங்கிறார். எனக்கு ஒண்ணும் புரியல.”

நான் பாக்கியத்தின் முகத்தைப் பார்த்தேன். நெற்றி சுத்தமாக இருந்தது. யார் பொட்டைத் துடைத்தது என்று மெதுவாகக் கேட்டேன்.

“பொட்டா? நீங்க அன்னைக்குச் சொன்னதோட சரி, அவ பொட்டு வெக்கிறதில்லக்கா. குங்குமச் சிமிழயே ஆத்துல போட்டுட்டா. சபைக்கு வாடின்னா, அக்கா முகத்துல எப்படி முழிப்பேன்னு அழுவா.”

மூன்று மாதமாக வாரா வாரம் அவள் அரிசி போட்டபோது நான் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அந்தச் சனிக்கிழமைக்கு முன்னால் அவள் முகத்தை ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

கல்லறையிலிருந்து திரும்பும்போது பாக்கியத்தின் பக்கத்து வீட்டு அஞ்சலை என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். “நேத்து சாயங்காலம் பின்னால நின்னு யார்கூடக்கா பேசினீங்க? உங்க குரல் மட்டும்தான் கேட்டுச்சு” என்றாள். நான் மழை என்று ஏதோ உளறிவிட்டு வேகமாக நடந்தேன்.

அரிசி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அரிசி நிஜம், நான்தான் கொட்டினேன். ஆனால் இருபது வீட்டு அரிசி ஒரே பையில் கலந்து கிடக்கிறது, அதில் அவளுடையது இருந்ததா என்று யார் சொல்ல முடியும்?

இப்போது நீங்களே சொல்லுங்கள். பாக்கியம் வெள்ளிக்கிழமையே போய்விட்டாள் என்றால் நான் பார்த்தது பேய். அப்படியே இருக்கட்டும், எனக்கு ஒரு பயமும் இல்லை, சந்தோஷமாகப் பேயை நம்பிவிடுவேன். ஆனால் டிரெஸ்ஸரும் மனிதர்தானே, வாசலில் நின்றே பார்த்துவிட்டுப் போனவர். அவள் சனிக்கிழமை நாலு மணிக்கு உயிரோடு இருந்து, காய்ச்சலோடு அடுப்பு மூட்டி, எழுந்து வந்து, கூப்பிட வேறு ஆளில்லாமல் என்னைக் கூப்பிட்டிருந்தாள் என்றால்? உள்ளே போகாமல் இருக்க என் கண்ணே எனக்கு ஒரு பொட்டைச் செய்து காட்டியிருந்தால்? பேயே கிடையாது என்று பேசித் திரிந்தவள், அது பேயாகவே இருக்க வேண்டும் ஆண்டவரே என்று ராத்திரி ராத்திரி முழங்கால் போட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது, அதை ஐயரிடம்கூடச் சொன்னதில்லை. ஜெபம் பண்ணச் சொல்லிக் கூப்பிட்டபோது அவள் அரைக்கதவுக்கு மேலே கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான் உதறிவிட்டுத்தான் வந்தேன். அன்றைக்கு அவள் போட்டிருந்த வளையல் பச்சை, அதில் ஒன்று விண்டிருந்தது, அதெல்லாம் ஞாபகம் இருக்கிறது. அந்தக் கை சுட்டதா, சில்லென்று இருந்ததா என்பது மட்டும் எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.