ஸ்பீக்கர் இல்லாத அறை

திண்டுக்கல்லில் வேடசந்தூர் ரோட்டுப் பக்கம் ஒரு மாடி அறையில் அவரைப் பார்த்தேன். வீட்டுக் கம்ப்யூட்டரில் இசையமைப்பவர்களுக்கு மென்பொருள் எழுதுகிறவர். கீபோர்டில் அழுத்தும் ஸ்வரம் எந்த வாத்தியத்துக்குப் போக வேண்டுமோ, அதோடு திரையில் பெட்டிகளை வைத்துக் கோடு இழுத்து இணைத்துக்கொள்ளலாம்.

அறையில் ஸ்பீக்கரே இல்லை, ஹெட்போனும் இல்லை. காது, பென்சில் சொருக மட்டும்.

“சத்தம் கேக்காம எப்படிண்ணே சரிபாப்பீங்க?”

“சத்தம் எதுக்கு? அதான் ஸ்க்ரீன்ல ஒவ்வொரு நோட்டுக்கும் நம்பர் ஓடுதுல்ல.”

சமைத்துவிட்டு உப்புப் பார்க்காத ஆள் என்று நினைத்துக்கொண்டேன். சர்ச்சில் பதினைந்து வருடமாக வாசிக்கிறவன் நான். கொஞ்சம் காட்டுவோமே என்று, கம்ப்யூட்டரோடு இணைத்திருந்த, சத்தமே வராத கீபோர்டில் வேகமாக ஒரு பாட்டு வாசித்தேன். அவர் திரையையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மோதிர விரல்ல அடிபட்டுச்சா? அது அழுத்துற நோட்டு மட்டும் பாதி பலத்துல விழுது.”

பஸ் கதவில் நசுங்கிய விரல். என் வாசிப்புக்குப் பாடுகிற ஒருவருக்கும் இதுவரை தெரியாது.

அந்த ஆளுக்குச் சங்கீதமே தெரியாது என்றுதான் இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்கிறேன். நம்பாதவர்களுக்கு ஸ்பீக்கர் கதையைச் சொல்வேன். விரல் கதையைச் சொல்வதில்லை.