ராசா முட்டை போட்ட நாள்

தன் உடும்பு ராசா சாப்பாட்டைத் தொடுவதே இல்லை, கண்ணாடிக் கூண்டைப் பிறாண்டிக்கொண்டே இருக்கிறான் என்று டிலான் போனில் சொன்னபோது, உடனே கொண்டுவரச் சொன்னேன். வெளிநாட்டுக்கு வந்த எங்கள் ஆட்கள் நிறைய வாழ்ந்த மோர்னிங்சைட் பக்கம், ஒரு மிருக வைத்தியக் கிளினிக்கில் நான் வெட் டெக்னீஷியன், டொக்டருக்கு உதவியாள். எங்களிடம் வந்தவை பெரும்பாலும் கிளி, ஆமை, பாம்பு. மர உடும்பு ஒன்றை நான் அதுவரை கையில் எடுத்ததில்லை.

டிலான் ட்ரக் ஓட்டுகிறவன். உடும்பைத் தலையணை உறைக்குள் வைத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான். பின்னால் அவனுடைய அம்மா, மன்னாரிலிருந்து வந்த பிலோமினா அன்ரி. முடிச்சை அவிழ்த்ததும் இளம்பச்சைத் தலை ஒன்று வெளியே வந்தது. நியூகினிக் காடுகளில் மரத்திலேயே வாழ்கிற இனம். ஒல்லியான உடம்பு, முதுகில் கறுப்பு வரிகள், உடம்பைவிட நீளமான வால். அந்த வால் என் மணிக்கட்டைக் கொடிபோலச் சுற்றிக்கொண்டது.

"எங்கட ஊர் உடும்பு மண்ணிறம், பிள்ளை. உது கிளியின்ர நிறம். ஆனா நல்ல குணம்," என்றார் அன்ரி.

டொக்டர் கல்பனா மதுரைக்காரர். வயிற்றைத் தடவிப் பார்த்தார், பிறகு ஸ்கேன் செய்தார். செய்துகொண்டே கேட்டார்: "இது ஆம்பளைன்னு யார் சொன்னது?"

"வித்த ஆள்தான், டொக்டர்," என்றான் டிலான்.

"வயித்துல நாலு முட்டை இருக்கு. ராசா இல்லப்பா, பொண்ணு."

டிலான் ஸ்கிரீனையும் உடும்பையும் மாறி மாறிப் பார்த்தான். "ஆர் யூ சீரியஸ்?"

"அப்ப ராசாத்தியோ?" என்றார் அன்ரி, மிக மெதுவாக.

சிரிக்க வேண்டிய இடம்தான். ஆனால் டொக்டரின் முகத்தில் சிரிப்பில்லை. முட்டைகள் எப்போதோ வெளியே வந்திருக்க வேண்டும். உள்ளேயே தங்கினால் உயிர் போய்விடும். ஒப்பரேஷன் செய்யலாம், ஆனால் இவ்வளவு பலவீனமான உடம்புக்கு மயக்க மருந்து கொடுக்க அவருக்குப் பயமாக இருந்தது.

"முட்டை போட இடம் தேடித்தான் பிறாண்டியிருக்கு. காட்டுல இதுங்க மரத்து மேல இருக்கற கரையான் புத்துல போடும். தரையில போட மனசு வராது," என்றார். "கால்சியம் ஊசி போடறேன். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாப்போம், வரலன்னா ஆபரேஷன்தான்."

ஸ்டோரில் கிளிகளுக்கான மரக்கூடு ஒன்று சும்மா கிடந்தது. அதற்குள் ஈரப்பாசியும் மண்ணும் நிரப்பினேன். சின்ன அறை ஒன்றில் ஹீட்டரும் காற்றை ஈரமாக்கும் ஹியுமிடிஃபையரும் போட்டு, கூட்டைக் கூரைக்குக் கிட்டத் தொங்கவிட்டு, ஏறிப்போக இரண்டு கிளைகளைச் சாய்த்து வைத்தேன். கதவின் கண்ணாடியைப் பேப்பரால் மூடினேன். ஆள் நடமாட்டம் தெரிந்தால் அது முட்டை போடாது.

அடுத்த நாள் காலை நான் போனபோது, தாயும் மகனும் வாசலில் நின்றார்கள். உள்ளே தங்கும் பிராணிகளின் சொந்தக்காரரை வீட்டில் இருக்கச் சொல்வதுதான் எங்கள் வழக்கம். அதை டிலானிடம் சொன்னேன். அவன் என்னை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

"அக்கா, அம்மாவை வீட்டில தனிய விடேலாது. சித்தியும் பிள்ளையளும் முகாமில. மிஸ்ட் கோல் வரும், நாங்கள் திருப்பி எடுப்பம். ரெண்டு பேரும் அழுவினம், பிறகு லைன் கட்டாகிடும். அதுக்குப் பிறகு அம்மா ஆரோடையும் கதைக்கிறேல்ல. காலமை எழும்புறதே ராசாவுக்குச் சாப்பாடு வைக்கத்தான்."

ஊரில் போர் முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன; தப்பிய சனத்தை முகாம்களில் அடைத்து வைத்திருந்தார்கள். எங்கள் எல்லோர் வீட்டிலும் அப்படி ஒரு தொலைபேசி இருந்தது. அவர்கள் உட்கார நான் இரண்டு கதிரைகளை இழுத்துப் போட்டேன்.

மத்தியானம் நெருங்கியது. டொக்டர் மயக்க மருந்தை ஆயத்தம் செய்யத் தொடங்கினார். அன்ரி செபமாலையைக் கையில் சுருட்டி வைத்திருந்தார், உருட்டவில்லை. உடும்பைத் தூக்கிவர நான் கதவை மெல்லத் திறந்தேன்.

ராசா கிளையில் நீட்டிப் படுத்திருந்தது. வயிறு ஒட்டிப்போயிருந்தது. ஏணியில் ஏறிக் கூட்டுக்குள் விரலை விட்டேன். பாசிக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

"டொக்டர், மயக்க ஊசியைக் கீழ வையுங்கோ, நாலும் வந்திட்டுது," என்றேன். கூட்டை இறக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தேன்.

அன்ரி முட்டைகளைக் குனிந்து பார்த்தார்.

"குஞ்சு வருமே, டொக்டர்?"

"வராதும்மா. ஆண் துணை இல்லையே."

"பரவாயில்லை. தாய் தப்பிட்டாள், அதுவே காணும்."

அந்த நேரத்தில் டிலானின் போன் ஒருதரம் அடித்து நின்றது. "சித்தி," என்றான். திருப்பி எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு அம்மாவிடம் கொடுத்தான்.

"அக்கா," என்றது ஒரு குரல். பிறகு விம்மல். அன்ரியின் வாயும் கோணியது. நாங்கள் வெளியே போகத் திரும்பினோம்.

"றெஜினா, உனக்கொரு புதினம் சொல்லவோ?" என்றார் அன்ரி. "உவன் டிலானின்ர உடும்பெல்லே, ஆண் எண்டு வளர்த்தது. இண்டைக்கு முட்டை போட்டிருக்கு."

அந்தப் பக்கம் விம்மல் நின்றது.

"என்னக்கா விசர்க்கதை கதைக்கிறாய்?"

"சத்தியமாயடி. நாலு முட்டை. ராசா எண்டு பேர் வேற."

போனுக்குள்ளிருந்து தங்கச்சியின் சிரிப்பு வந்தது. முதலில் ஒரு மூச்சாக, பிறகு அடக்க முடியாமல். என்ன என்ன என்று பின்னால் பிள்ளைகள் கேட்பது கேட்டது. ஒரு சின்னக் குரல் போனைப் பறித்து, "பெரியம்மா, அது கடிக்குமோ? மரத்தில ஏறுமோ?" என்றது. அன்ரி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கண்ணைத் துடைத்தபடி டொக்டர் என் தோளில் சாய்ந்து சிரித்தார். லைன் கட்டானபோதும் அன்ரி சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் இரண்டு விஷயம் சொல்வேன். பிராணியின் கார்ட்டில் ஆண் என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள், ஸ்கேன் செய்து பாருங்கள். வாசலில் நிற்பவர்களை வீட்டுக்கு அனுப்ப அவசரப்படாதீர்கள். அன்று நான் அனுப்பியிருந்தால், முட்டை வந்துவிட்டது என்று போனில் சொல்லியிருப்பேன். அன்ரியும் நன்றி சொல்லிப் போனை வைத்திருப்பார். தங்கச்சிக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்ல, தன் கண்ணால் கண்ட கதை ஒன்று அவரிடம் இருந்திருக்காது.